பந்தயக் காருக்குள் எங்கள் வேன்

எங்கள் மாமாவுக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் சனிக்கிழமை சாயங்காலமானால் மலேசியாவில், மூவாரில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு மணிக்கு இருநூற்றெண்பது கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓட்டுவார்.

மாமா அம்மாவின் ஒரே தம்பி. சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் வேலை. வார நாட்களில் ஜொகூர் பாருவில் நண்பர்களோடு ஒரு அறையில் தங்கி, தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலம் கடந்து போய்வருவார். கையில் இருந்தது மோட்டார் லைசன் மட்டும்தான். கார் லைசன் எடுக்கச் சொன்னால், "ஜாம்ல ஒக்காந்து கெடக்கவாக்கா லைசன் எடுக்கணும்?" என்பார். அந்த அறையில் கால் நீட்டவே இடமில்லை என்பதால் அவருடைய கம்ப்யூட்டரும், நிஜக் காரில் இருப்பது போன்ற ஸ்டீரிங்கும், பெடல்களும் எங்கள் வீட்டில்தான் குடியிருந்தன. ஸ்டீரிங்கைச் சாப்பாட்டு மேசையில் இறுக்கி மாட்டிவிடுவார். பெடல் பின்னால் நகராமலிருக்க ஒரு செங்கல். மேசைக்கு அடியில் பெரிய ஸ்பீக்கர் பெட்டி. அவர் வண்டியைக் கிளப்பினால் அலமாரியில் இருக்கும் எவர்சில்வர் டம்ளர்கள் எல்லாம் சேர்ந்து நடுங்கும்.

மற்றவர்கள் அந்தக் கார்ப் பந்தய விளையாட்டில் மரத்தையும் வானத்தையும் பார்த்து வாய் பிளப்பார்கள். மாமா அதையெல்லாம் கண்டுகொள்ளவே மாட்டார். "படம் எவன் வேணும்னாலும் வரைவான் பாப்பா. சத்தம்தான் வண்டி" என்பார். அந்த விளையாட்டைச் செய்தவர்கள் நிஜமான பந்தயக் கார்களின் புகைக்குழாய் பக்கத்தில் மைக் கட்டி ஒவ்வொரு சத்தத்தையும் பிடித்துவந்தார்களாம். அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் கோயிலில் தீபாராதனை பார்ப்பவரின் பக்தி தெரியும். எனக்கு அப்போது பத்து வயது. கண்ணை மூடிக்கொண்டு, சத்தத்தை மட்டும் கேட்டு, எத்தனையாவது கியர் என்று சொல்ல வேண்டும். அதுதான் எனக்கும் அவருக்கும் நடக்கும் பந்தயம். நான் பத்துக்கு ஏழு சரியாகச் சொல்லிவிடுவேன்.

பத்துக்குப் பத்தும் சொன்னவர் அம்மா. அதுவும் கண்ணை மூடாமல், சமையலறையில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே.

"மாத்துடா! அது கத்துறது காதுல விழல?" என்று உள்ளேயிருந்து அதட்டல் வரும். மாமா முகத்தைச் சுளித்துக்கொண்டு கியரை மாற்றுவார். அந்தச் சுற்று எப்போதும் வழக்கத்தைவிடக் குறைந்த நேரத்தில் முடியும். அக்கா சொன்னதே சரியாகிவிடுவதில் அவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அம்மா பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தார். வெள்ளை வேன், வயதான வேன். இன்ஜின் முன்சீட்டுக்கு அடியில் இருந்ததால் முன்னால் உட்காருகிறவருக்கு எப்போதும் தொடை சுடும். கதவை ஓங்கி ஒரு அறை அறைந்தால்தான் மூடிக்கொள்ளும். காலை ஐந்தரை மணிக்கு அம்மா அதைக் கிளப்பிச் சூடேற்றுவார். முதலில் கமறிக்கொண்டு இருமும், பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஒரே சீராக உறுமும். எனக்கு அலாரமே வேண்டியிருக்கவில்லை.

நான் சொல்லப்போவது அந்த வேன் எங்கள் வீட்டு முகப்பில் நீலத் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு சும்மா நின்ற காலத்தைப் பற்றி. ஒரு மழை நாளில் பள்ளி விட்டுத் திரும்பும்போது குறுக்கே ஒரு மோட்டார் சைக்கிள் பாய்ந்தது. அம்மா பிரேக்கை மிதித்தார். வேன் வழுக்கி, முன்சக்கரம் சாலையோர லோங்காங் சாக்கடையில் இறங்கிவிட்டது. உள்ளே பதின்மூன்று பிள்ளைகள். பன்னிரண்டு பேருக்குக் கீறல்கூட இல்லை. முன்சீட்டில் உட்கார்ந்திருந்த, மூலை வீட்டுச் சீனப் பையன் பெல்ட்டை அவிழ்த்துவிட்டு விளையாடிக்கொண்டிருந்திருக்கிறான். அவன் தாடை முன்னால் மோதி நான்கு தையல் போட்டார்கள்.

அவனுடைய அம்மா மறுநாள் எங்கள் வீட்டுக்கு வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். அவரோ ஒரு டின் பிஸ்கட்டைக் கொடுத்து, நீங்கள் நன்றாக இருக்கிறீர்களா என்று மலாயில் கேட்டுவிட்டுப் போனார். அம்மா டின்னை வாங்கிக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு அழுதார். அந்தப் பெண்மணி நாலு வார்த்தை திட்டியிருந்தால் அம்மாவும் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி, அதோடு சரியாகியிருக்கும் என்று அப்பா பின்னாளில் சொல்வார்.

அன்றோடு அம்மா வேனைத் தொடவில்லை. பிள்ளைகள் வேறு வேனுக்கு மாறினார்கள். நான் அப்பாவின் மோட்டார் சைக்கிளில் தொற்றிக்கொண்டு தினமும் பள்ளிக்குத் தாமதமாகப் போனேன். அம்மா பழக்கதோஷத்தில் ஐந்து மணிக்கே எழுந்து, செய்வதற்கு ஒன்றுமில்லாமல் ஏற்கெனவே கூட்டிய வீட்டையே மறுபடி கூட்டுவார். எல்லாவற்றையும்விட, சமையலறையிலிருந்து அதட்டல் வருவது நின்றுபோனது. மாமாவின் கார் தொண்டை கிழியக் கத்தினாலும் உள்ளேயிருந்து ஒரு வார்த்தை வராது.

இரண்டு மாதம் கழித்து, வேனை விற்பது என்று முடிவானது. பத்து பாகாட் ஊரில் துணிக்கடை வைத்திருக்கும் ஒருவர் மூட்டைகள் ஏற்றத் தோதாக இருக்கும் என்று கேட்டிருந்தார். அடுத்த மாதம் முதல் ஞாயிறு மூன்று மணிக்கு வந்து பார்ப்பதாகச் சொன்னார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவுக்காக அல்ல, அதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். அந்தச் சத்தம் போய்விடுமே என்பதுதான் என் கவலை. மாமாவின் விளையாட்டில் ஒரு காரின் சத்தத்தை எடுத்துவிட்டு வேறொரு சத்தத்தை வைக்க முடியும் என்று எனக்குத் தெரியும். அவரே பலமுறை செய்திருக்கிறார். வேன் போவதற்குள் அதன் சத்தத்தைப் பிடித்து உள்ளே வைத்துவிட்டால், சனிக்கிழமைதோறும் கேட்டுக்கொள்ளலாம் அல்லவா?

"வேன் சத்தத்த வச்சு என்ன பாப்பா பண்றது? பந்தயத்துல அதுக்குப் பின்னால சைக்கிள்தான் வரும்" என்று மாமா சிரித்தார். நான் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டு அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

அங்கே உட்கார்ந்ததால்தான் சமையலறை என் கண்ணில் பட்டது. அம்மா எங்களுக்கு முதுகு காட்டி அடுப்படியில் நின்று தோசை ஊற்றிக்கொண்டிருந்தார். மாமாவின் கார் நேர்சாலையில் வேகம் எடுத்தது. சத்தம் ஏறி ஏறி உச்சிக்குப் போனபோது, அம்மாவின் இடது கால் செருப்பைவிட்டு எழும்பித் தரையை ஒரு அமுக்கு அமுக்கியது. மாமா கியரை மாற்றினார். கால் மெல்ல மேலே வந்தது. மறுபடி சத்தம் ஏறியது. மறுபடி அமுக்கியது.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மாமா, அங்க பாருங்க. அம்மா தோசை சுட்டுக்கிட்டே டான்ஸ் ஆடுறாங்க" என்று அவர் காதில் சொன்னேன்.

மாமா திரும்பிப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். திரையில் அவருடைய சிவப்புக் கார் இருநூறு கிலோமீட்டர் வேகத்தில் போய்ச் சுவரில் மோதி, சக்கரம் ஒரு பக்கம், கதவு ஒரு பக்கம் என்று சிதறியது. நான் பார்த்தவரை அவர் அந்தச் சுவரில் மோதியதே இல்லை. மறுபடி தொடங்கலாமா என்று விளையாட்டு கேட்டது. அவர் கண் இன்னும் அம்மாவின் காலில்தான் இருந்தது.

"பாப்பா, நாளைக்கு உன் வேன் சத்தத்த எடுப்போம்" என்றார்.

நான் மூஞ்சியைத் தூக்கிவைத்ததற்கு நல்ல பலன் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அப்பா தார்ப்பாயை விலக்கினார். சாவி குளிர்சாதனப் பெட்டிக்குப் பக்கத்து ஆணியில் தொங்கியது. அம்மா எடுக்காதே என்றும் சொல்லவில்லை, எடு என்றும் சொல்லவில்லை. மாமா ஒரு நண்பரிடம் இரவல் வாங்கிய குட்டி ரெக்கார்டருக்கு, காற்றுச் சத்தம் விழாமலிருக்க என் பள்ளிக்கூடக் காலுறையை மாட்டினார். அப்பா ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கியர் போடாமல் ஆக்சிலரேட்டரை மட்டும் அமுக்க வேண்டும். யாரும் மூச்சு விடக்கூடாது என்பது மாமாவின் உத்தரவு. பக்கத்து வீட்டுப் பூனையைத் துரத்தினார். எனக்குத் தும்மல் வந்ததற்குத் திட்டினார். அப்பா பாவம், மரச்சாமான் தொழிற்சாலையில் நாளெல்லாம் நாற்காலி தேய்த்துத் தேய்த்துத் தொண்டையில் தூசி. இரண்டு முறை இருமிவிட்டார். அக்கா கணவர் என்றும் பார்க்காமல் மாமா அவரையும் ஒரு பிடி பிடித்தார்.

அடுத்த சனிக்கிழமை சத்தம் தயாராகிவிட்டது. அந்த நீளமான, தரையோடு தரையாகக் கிடக்கும் சிவப்புப் பந்தயக் கார், எங்கள் வேனின் தொண்டையில் கமறிக்கொண்டு கிளம்பியது. நான் கைதட்டினேன். மாமா வழக்கத்தைவிடக் கூடுதலாகவே ஸ்பீக்கரைத் திருகிவைத்தார்.

சமையலறைக் கதவில் அம்மா வந்து நின்றார். கையில் அகப்பை.

"என்னடா சத்தம் இது?"

"நம்ம வேன்தான்கா."

"இதுவா நம்ம வேன்?" அம்மா இன்னும் கொஞ்சம் கேட்டார். "இது சும்மா நின்ன எடத்துல உறுமுற சத்தம். புள்ளைங்கள ஏத்திக்கிட்டு ஆத்துப் பாலத்துல ஏறுறப்ப, அடியிலேருந்து ஒரு முக்கல் வரும். அது எங்க இதுல?"

வேனைப் பற்றி இரண்டு மாதத்தில் அவர் பேசிய முதல் பேச்சு அது. எனக்கு அதெல்லாம் உறைக்கவில்லை. நாங்கள் பிடித்தது தப்பான சத்தம் என்பது மட்டும்தான் உறைத்தது, அழுகை வந்தது. அம்மா சொன்னது சரி. நானும் எத்தனையோ நாள் அந்த முன்சீட்டில் உட்கார்ந்து, பாலம் ஏறும்போது அந்த முக்கலைத் தொடையில் உணர்ந்தவள்தான்.

"அப்ப அந்த முக்கல எடுத்துக் குடுங்கக்கா" என்றார் மாமா, திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "பாலம் ஏறி எறங்கினா போதும்லா."

"வேற ஆளப் பாரு."

"எவன் வருவான்? எனக்கு மோட்டார் லைசன்தான். அத்தானுக்கும் அதேதான்."

அம்மா அகப்பையோடு உள்ளே போய்விட்டார். மறுநாள் மூன்று மணிக்குத் துணிக்கடைக்காரர் வந்துவிடுவார். அன்று நான் சாப்பிடாமல் படுத்தேன்.

ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் மாமாவும் அப்பாவும் வேனில் நாற்காலி ஏற்ற ஆரம்பித்தார்கள். கால் ஆடுகிறது என்று தொழிற்சாலையில் கழித்துவிட்டவை, எங்கள் வீட்டில் நிறைய உண்டு. யார் ஓட்டப்போகிறார்கள் என்று நான் கேட்டதற்கு, முதலில் பாரம் ஏறட்டும் என்றார் மாமா. இருவரும் எல்லா நாற்காலிகளையும் இடது பக்கமாகவே அடுக்கினார்கள். வேன் ஒருச்சாய்ந்துகொண்டு நின்றது.

ஜன்னல் வழியாகப் பார்த்த அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. ஈரக்கையோடு வெளியே வந்தார்.

"அறிவிருக்கா ரெண்டு பேருக்கும்? ஒரே பக்கம் அடுக்கினா வளைவுல சாஞ்சிறாது? அதோட, நாற்காலி ஏத்தினா அந்தச் சத்தம் வருமா? நாற்காலி வச்ச எடத்துல இருக்கும். புள்ளைங்க எங்க வச்ச எடத்துல இருக்குது?"

"சரிக்கா" என்றார் மாமா. அடுத்த நொடி அவருடைய மோட்டார் சைக்கிள் தெருவில் பறந்தது.

அரை மணி நேரத்தில் எங்கள் தாமான் குடியிருப்பில் இருந்த பழைய வேன் பிள்ளைகள் எல்லாரும் வந்துவிட்டார்கள். மாமா வீடு வீடாகப் போய், வேனின் சத்தத்தை எடுக்கப்போகிறோம், கம்ப்யூட்டரில் வரப்போகிறது என்று சொல்லியிருக்கிறார். பெரியவர்களிடம் வேறு என்ன சொன்னாரோ தெரியாது. நாற்காலிகள் கீழே இறங்கின, பிள்ளைகள் ஏறினார்கள்.

யாரும் அவர்களுக்கு எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லவில்லை. வேனில் ஒவ்வொருவருக்கும் ஒரு இடம் உண்டு. வாந்தி எடுப்பவள் ஜன்னலோரம். சண்டை போடும் அண்ணன் தம்பிக்கு நடுவே ஒரு பெரிய பெண். தூங்குகிறவன் கடைசி வரிசை மூலை. இரண்டு மாதம் வேறு வேனில் போனவர்கள், ஆளுக்கொரு பக்கமாக நகர்ந்து, அவரவர் பழைய இடத்தில் சரியாகப் பொருந்திக்கொண்டார்கள். தாடையில் தழும்போடு மூலை வீட்டுப் பையனும் வந்திருந்தான். முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து, பெல்ட்டைத் தானே இழுத்து மாட்டி, இரண்டு முறை ஆட்டிப் பார்த்துக்கொண்டான். எல்லா இடமும் நிரம்பிவிட்டது. ஓட்டுநர் இடம் மட்டும் காலியாக இருந்தது.

அம்மா முன்கதவுப் பக்கம் போனார். அந்தப் பையனின் தாடையை இரண்டு விரலால் நிமிர்த்தி, வெளிச்சத்தில் தழும்பைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"பானாஸ்லா, ஆண்டி" என்றான் அவன். அவனுக்குத் தழும்பு பெரிதில்லை. வெயிலில் சீட் சுடுகிறது, சீக்கிரம் கிளம்ப வேண்டும், அவ்வளவுதான்.

அம்மா வீட்டுக்குள் போய்விட்டார். போச்சு, இனி வரமாட்டார் என்று நினைத்தேன். திரும்பி வந்தபோது காலில் வேன் ஓட்டும்போது போடும் துணிச்சப்பாத்து இருந்தது. தோளில் துண்டு. ஆணியில் தொங்கிய சாவி கையில்.

வாசலிலேயே ஒருமுறை இன்ஜின் நின்றுபோனது. பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். மாமா உதட்டில் விரல் வைத்து எல்லாரையும் அடக்கினார். இரண்டாம் முறை கிளம்பியது. நான் அம்மாவுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் கழுத்தில் வியர்வை வழிந்தது. கைகள் ஸ்டீரிங்கை உடும்புப் பிடியாகப் பிடித்திருந்தன. கடைத்தெரு தாண்டும்வரை ஆமை வேகம். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. அவர் கேட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை. வேனுக்குள் பதின்மூன்று பிள்ளைகள் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தது அதுதான் முதலும் கடைசியுமாக இருக்கும்.

பாலம் வந்தது. அம்மா கியரைக் குறைத்தார். அடியிலிருந்து அந்த முக்கல் வந்தது. அதே சத்தம், கொஞ்சமும் மாறாமல். மாமாவின் கையிலிருந்த ரெக்கார்டரைப் பார்த்தேன், சிவப்பு விளக்கு எரிந்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று மனத்துக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தபோது, ஆற்றில் படகைப் பார்க்க ஒரு வாண்டு எழுந்து நின்றது.

"உக்காரு!"

அம்மாவின் குரல் வேனையே உலுக்கியது. அதோடு நிற்கவில்லை. முந்தப் பார்த்த மோட்டார்காரனை மலாயில் இரண்டு வார்த்தை கேட்டார். கண்ணாடியில் பின்னால் பார்த்து, சண்டைக்கார அண்ணன் தம்பியைப் பெயர் சொல்லி அதட்டினார். வாந்திக்காரியிடம் இப்போது எப்படி இருக்கிறாய் என்று விசாரித்தார். பரீட்சை எப்படி எழுதினீர்கள், புது வேனில் யார் பக்கத்தில் உட்காருகிறீர்கள் என்று கேள்விமேல் கேள்வி. பிள்ளைகளும் ஒரே நேரத்தில் பதில் சொன்னார்கள். நான் அவர் தோளைத் தட்டி, "அம்மா, பேசாதீங்க, சத்தம் விழுது, பேசாதீங்க" என்று கெஞ்சினேன். யார் கேட்டார்கள்?

அக்கரையில் நிறுத்தியதும் நான் ஓவென்று அழுதேன். எல்லாம் கெட்டுப்போயிற்று. பூனைக்கும் தும்மலுக்கும் குதித்த மாமாவோ பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கெட்டா என்ன பாப்பா? இன்னொரு தடவ போனா போச்சு. என்னக்கா?"

"சரி, சரி, அழாத. இந்தத் தடவ வாயத் தெறக்க மாட்டேன்" என்றார் அம்மா.

திறந்தார். அதற்கடுத்த முறையும் திறந்தார். மூன்று முறை பாலத்தில் போய்வந்தோம். பிறகு எல்லாருக்கும் ஐஸ் வாங்கிக் கொடுத்து, ஒவ்வொரு பிள்ளையையும் அவரவர் வீட்டு வாசலில் இறக்கிவிட்டு, கதவை அறைந்து அறைந்து மூடி, வீட்டுக்கு வந்தபோது மணி ஐந்து.

துணிக்கடைக்காரர் மூன்று மணிக்கே வந்திருக்கிறார். அப்பா அவரைக் கால் ஆடும் நாற்காலி ஒன்றில் உட்காரவைத்து டீ கொடுத்திருக்கிறார். வேன் எங்கே என்று கேட்டதற்கு, "ஓடிக்கிட்டு இருக்குங்க" என்றாராம். எப்போது வரும் என்றதற்கு, "தெரியலீங்க" என்றாராம். அவர் ஒரு மணி நேரம் ஆடிவிட்டுப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை ஐந்தரை மணிக்கு ஒரு கமறல் என்னை எழுப்பியது. முதலில் அம்மா என்னை மட்டும் பள்ளியில் விட்டார். பிறகு மூலை வீட்டுப் பையன் வந்தான். மழைக்காலம் திரும்புவதற்குள் பதின்மூன்று பேரும் வந்துவிட்டார்கள்.

மாமா இருந்ததை வைத்து ஒப்பேற்றினார். பாலத்தில் பிடித்ததிலிருந்து இரண்டு விநாடியை வெட்டி, அதையே திரும்பத் திரும்ப ஓடவிட்டார். அந்தத் துண்டின் ஓரத்தில் அம்மாவின் குரல் ஒட்டிக்கொண்டிருந்தது. சிவப்புக் கார் முக்கிக்கொண்டு கிளம்பி, வேகம் ஏற ஏற, உக்காரு, உக்காரு, உக்காரு என்று கீச்சுக் குரலில் கத்திக்கொண்டே பந்தயம் ஓடியது. அம்மா சிரித்துச் சிரித்துத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்து முடித்ததும், "மாத்துடா கியர!" என்று அதட்டினார். நான் மட்டும் சிரிக்கவில்லை. எந்தப் பந்தயக் காராவது உட்காரச் சொல்லுமா? நிஜம்போல இல்லையே என்று இரண்டு நாள் மாமாவோடு பேசவில்லை.

இப்போது நான் ஜொகூர் பாருவில் வேலை பார்க்கிறேன். என் காரில் கியர் தானாகவே மாறிக்கொள்ளும். அம்மா பக்கத்தில் உட்கார்ந்தால், இது என்ன வண்டி, கிளட்ச் மிதிக்கும் இடது காலுக்கு வேலையே இல்லை என்று குறைசொல்வார். போன தீபாவளிக்கு மூவார் போயிருந்தபோது, மாமாவின் பழைய கம்ப்யூட்டரிலிருந்து அந்தச் சத்தங்களை என் போனுக்கு மாற்றிக்கொண்டேன். நின்ற இடத்தில் உறுமியது ஒன்று, அப்பாவின் இருமலோடு. பாலத்தில் ஏறியது ஒன்று. அவ்வளவுதான். பாலத்தில் மூன்று முறை போனோம், ரெக்கார்டரில் இருப்பது முதல் முறை மட்டும். அடுத்த இரண்டு முறையும் மாமா பொத்தானையே அமுக்கவில்லை.

அது எனக்கு அப்போதே தெரிந்த விஷயம்தான். மாமாவின் மறதிக்கு உதாரணமாக அதைப் பல வருடம் வீட்டில் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அம்மாவிடமும் சொன்னேன். அம்மா, ஆமாம், அவனுக்கு எப்போதும் மறதிதான் என்பார். சொல்லும்போது மாமாவைப் பார்க்க மாட்டார். அன்று அம்மாவின் காலையே பார்த்துக்கொண்டு அவ்வளவு வேகத்தில் போய்ச் சுவரில் மோதினாரே, அதையும் நான் அவருடைய கவனக்குறைவு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.